உங்கள் குதிரை என்னிடம் இருக்கிறான்

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரையை வாங்கி வளர்ப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "இவன் முன்னாடி யார்கிட்ட இருந்தான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்: "கண்டுபிடிச்சா போன் பண்ணலாமா? தப்பா நினைக்க மாட்டாங்களா?"

பண்ணலாம். பண்ணியே ஆகவேண்டும் என்றுகூடச் சொல்வேன். நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் ஒரு குதிரை இருபத்தைந்து, முப்பது வருஷம் வாழும். பந்தயத்தில் ஓடுவது அதில் சில வருஷம்தான். மிச்ச ஆயுளில் எத்தனை கை மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது. கை மாறும் ஒவ்வொரு தடவையும் அதைப் பற்றிய விவரம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துபோகிறது. எந்தக் காலில் அடிபட்டது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, எதைக் கண்டால் மிரளும் என்று குதிரை வாய் திறந்து சொல்லாது. சொல்லக்கூடியவர்கள் எங்கேயோ ஒரு ஊரில் கையில் போனோடு இருக்கிறார்கள். நாம்தான் கேட்பதில்லை.

எங்கள் வீட்டுக் குதிரையை முத்து என்று கூப்பிடுகிறோம். சாம்பல் நிறம், காயடித்தவன், ரேஸில் ஓடியவன். அவனுடைய ரேஸ் பெயரை இங்கே எழுதவில்லை. அவன் பிறந்த பண்ணையின் பெரியவர் தன் பெயர் வெளியே வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். குதிரையின் பெயரைப் போட்டால் அவர் பெயரைப் போட்ட மாதிரிதான். முத்து சாதுவான பிள்ளை. குளம்பைத் தூக்கிக் கொடுப்பான், லாடம் அடிப்பவரிடம் அசையாமல் நிற்பான், லாரியில் ஏறுவான். ஆனால் கடிவாளத்தைக் கையில் எடுத்தால் தலையைக் கூரைக்குத் தூக்கிவிடுவான். வலது காதுக்குப் பக்கத்தில் கை போனாலே உடம்பெல்லாம் விறைக்கும். டாக்டர் வந்து காதுக்குள் பார்த்தார், பல் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார். நோய் ஒன்றும் இல்லை. அப்படியானால் அவனுக்கு ஏதோ நடந்திருக்கிறது, நடந்தது யாருக்காவது தெரிந்திருக்கும் என்று தேட ஆரம்பித்தேன்.

தேடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கையில் இருக்கும் காகிதமும் லாயத்தில் நிற்கும் குதிரையும் ஒன்றுதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் போன் போடாதீர்கள். வேறொருவருடைய குதிரையைப் பற்றி ஒருவரிடம் அரைமணி நேரம் விசாரித்துவிட்டு, கடைசியில் அது அந்தக் குதிரையே இல்லை என்று தெரிந்தால் இரண்டு பக்கமும் சங்கடம்.

இந்தியாவில் பிறக்கும் தரோபிரெட், அதாவது பந்தயக் குதிரை இனத்துக் குட்டிகளைப் பதிவு செய்வது புனேயில் இருக்கும் ஸ்டட் புக் அத்தாரிட்டி ஆஃப் இந்தியா. குட்டியின் டிஎன்ஏ தாயோடும் தந்தையோடும் பொருந்தினால்தான் அந்த ஏட்டில் இடம். கூடவே ஒரு பாஸ்போர்ட்டும் உண்டு. அதில் குதிரையின் உருவம் கோட்டுப் படமாக, இடப்பக்கம், வலப்பக்கம், முகம், கால்கள் என்று தனித்தனியாக அச்சடித்திருக்கும். பதிவு செய்யும் மருத்துவர் அதன்மேல் அடையாளங்களை வரைவார். வெள்ளைத் திட்டுகளுக்குச் சிவப்பு மை. சுழிகளுக்குக் கறுப்பு மையில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

சுழி என்றதும் நம் ஊர்க்காரர்களுக்குக் கண் விரியும். சந்தையில் மாடு, குதிரை வாங்கும்போது முதலில் தேடுவது அதைத்தானே. எந்த இடத்தில் இருந்தால் ராசி, எங்கே இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று பெரிய கணக்கே உண்டு. நல்ல குதிரைகள் பல, சுழி சரியில்லை என்ற ஒரே காரணத்துக்காக அடிமாட்டு விலைக்குப் போவதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். ராசி விஷயத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் சுழியை உற்றுப் பார்க்கும் அந்தக் கண் அருமையானது. உலகம் முழுக்கக் குதிரை மருத்துவர்களும் அதையேதான் பார்க்கிறார்கள். முடி உதிர்ந்து முளைக்கும், நிறம் மாறும், குதிரை இளைக்கும், பருக்கும். சுழி இடம் மாறாது.

சாம்பல் குதிரைக்கு இது ரொம்ப முக்கியம். சாம்பல் குதிரை பிறக்கும்போது சாம்பலாகப் பிறப்பதில்லை. செவலையாகவோ பழுப்பாகவோ கறுப்பாகவோதான் பிறக்கும். வருஷம் போகப் போக வெளுத்துக்கொண்டே வந்து கடைசியில் வெள்ளையாகிவிடும். குட்டியில் நெற்றியில் இருந்த வெள்ளைப் பொட்டு, சுற்றிலும் வெளுத்த பிறகு கண்ணுக்கே தெரியாது. முத்துவின் பாஸ்போர்ட்டில் நெற்றியில் ஒரு நட்சத்திரம் வரைந்திருந்தது, நேரில் பார்த்தால் ஒன்றும் இல்லை. குளிப்பாட்டும்போது நெற்றியை நன்றாக நனைத்துவிட்டுப் பார்த்தேன். ஈர முடிக்கு அடியில் சுற்றிலும் கருந்தோல், நடுவில் மட்டும் ரோஸ் நிறத்தில் ஒரு பொட்டு. படத்தில் வரைந்த அதே இடம், அதே கோணல். வெள்ளை முடிக்கு அடியில் தோல் அப்படித்தான் இருக்கும், அது கடைசிவரை மாறாது.

இன்னொரு சோதனையும் சாம்பலுக்கு உண்டு. தாயோ தந்தையோ ஒன்றாவது சாம்பலாக இருந்தால்தான் குட்டி சாம்பலாகும். காகிதத்தில் இரண்டு பேரும் செவலை என்று இருந்தால், அந்தக் காகிதம் இந்தக் குதிரையுடையது இல்லை.

பிறகு சிப். கழுத்தின் இடப்பக்கம், பிடரி மயிருக்குச் சற்றுக் கீழே, உச்சந்தலைக்கும் தோள்மேட்டுக்கும் நடுவில் போட்டிருப்பார்கள். அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது. ஸ்கேனரை வைத்தால் 15 இலக்க எண் வரும், அவ்வளவுதான். அதற்குள் உரிமையாளர் பெயரும் இல்லை, குதிரை எங்கே இருக்கிறது என்று காட்டும் வசதியும் இல்லை. முதல் மூன்று இலக்கம் 356 என்றால் இந்தியா. 9இல் தொடங்கினால் பெரும்பாலும் அது சிப் செய்த கம்பெனியின் குறியீடு. அந்த எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால்தான் பெயர் கிடைக்கும். ஸ்கேனர் எல்லா மருத்துவரிடமும் இருக்காது. வரும்போது எடுத்து வரச் சொல்லி முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

வெளிநாட்டில் இருந்து படிப்பவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஓடிய பழைய குதிரைகளுக்கு மேலுதட்டின் உட்புறத்தில் பச்சை குத்தியிருக்கும்; முதல் எழுத்து பிறந்த வருஷம். 2017 முதல் பிறந்த குட்டிகளுக்கு அங்கேயும் சிப்தான். ஆஸ்திரேலியக் குதிரையின் இடது தோளில் பண்ணையின் சூட்டுக்குறி, வலது தோளில் மேலே குட்டியின் வரிசை எண், கீழே பிறந்த வருஷத்தின் கடைசி இலக்கம். ஐரோப்பியக் குதிரைகளின் பாஸ்போர்ட்டில் 15 இடங்கள் கொண்ட வாழ்நாள் எண் இருக்கும். 276 என்று தொடங்கினால் ஜெர்மனி.

பெயர் கிடைத்தாயிற்று. இனி யாரிடம் பேசுவது? ஒரு ரேஸ் குதிரையைச் சுற்றி நான்கு பேர் இருப்பார்கள்: பிறப்பித்த பண்ணைக்காரர், உரிமையாளர், ட்ரெய்னர், லாயத்தில் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் சைஸ். பண்ணைக்காரர் பெயர் ஸ்டட் புக்கிலேயே இருக்கும். உரிமையாளர், ட்ரெய்னர் பெயர்கள் அந்தக் குதிரை ஓடிய நாட்களின் ரேஸ் கார்டில் இருக்கும். சைஸின் பெயர் எதிலும் இருக்காது. ஆனால் காலையில் நாலு மணிக்குத் தீவனம் வைத்து, குளிப்பாட்டி, கால் பிடித்துவிட்டு, காய்ச்சலென்றால் லாயத்திலேயே படுத்துக் கிடந்தவர் அவர். உரிமையாளர் பலருக்குக் குதிரையைச் சனி ஞாயிறுதான் தெரியும். சிலர் கூட்டாக வாங்கியவர்கள், பங்கு மட்டும்தான் தெரியும். அதனால் உரிமையாளரிடமும் ட்ரெய்னரிடமும் பேசும்போது கடைசியில் ஒன்று தவறாமல் கேளுங்கள்: "இவனைப் பார்த்துக்கிட்ட சைஸ் யாருங்க? அவர்கிட்ட பேச முடியுமா?"

முதல் செய்தியில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் இருப்பவர் மனதில் என்ன ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். விற்ற குதிரையைப் பற்றித் தெரியாத எண்ணிலிருந்து செய்தி வருகிறது. பணம் கேட்கப் போகிறார்களா, திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்வார்களா, மறைத்து விற்றீர்கள் என்று சண்டைக்கு வருகிறார்களா, குதிரையின் நிலைமையைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டப்போகிறார்களா? இந்தப் பயத்தை முதல் இரண்டு வரியிலேயே போக்க வேண்டும். நான் அனுப்பியது இது:

"வணக்கம் ஐயா. உங்கள் பண்ணையில் பிறந்த குதிரை இப்போது என்னிடம் இருக்கிறான். நன்றாக இருக்கிறான், இன்று காலை எடுத்த படம் இணைத்திருக்கிறேன். எனக்குப் பணமோ வேறு உதவியோ தேவையில்லை, குறை சொல்லவும் எழுதவில்லை. அவனுடைய சின்ன வயதைப் பற்றி ஏதாவது நினைவிருந்தால் தெரிந்துகொள்ள ஆசை. பதில் எழுத விருப்பமில்லை என்றாலும் பரவாயில்லை. அவன் பத்திரமாக இருக்கிறான் என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும்."

படம் முக்கியம். உடம்பு முழுக்கத் தெரியும்படி, வெளிச்சத்தில், குதிரையின் கண் தெரியும்படி ஒன்று. கேள்விகளை முதல் செய்தியிலேயே வரிசையாக அடுக்காதீர்கள். அவர் பதில் போட்டு, அவராகப் பேச ஆரம்பித்த பிறகு கேட்டுக்கொள்ளலாம். முந்தைய உரிமையாளரைப் பொதுவெளியில் பெயர் சொல்லித் தேடுவது கூடவே கூடாது. நம் நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கீழே வந்து திட்டுவதற்கு ஆட்கள் காத்திருப்பார்கள். அதற்கப்புறம் எந்த உரிமையாளர் வாய் திறப்பார்?

பண்ணைக்காரர் அன்று இரவே அழைத்தார். பெரியவர், நிதானமாகப் பேசினார். முத்துவின் தாயை அவர்தான் குட்டியிலிருந்து வளர்த்தவர், அவள் வயதாகிப் பண்ணையிலேயே இருக்கிறாளாம். குதிரை உலகத்தில் உடன்பிறப்பு என்றால் தாய்வழிதான் கணக்கு. ஒரே தந்தைக்குப் பிறந்தவர்களை அண்ணன் தம்பி என்று சொல்வதில்லை, ஒரு பொலிகுதிரைக்கு நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் இருக்கலாம். அந்தக் கணக்கில் முத்துவுக்கு ஒரு அக்கா, இரண்டு தம்பிகள். மறுநாள் ஒரு படம் அனுப்பினார். தாயின் வயிற்றோரமாக நிற்கும் கரிய குட்டி, கால்கள் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத நீளம், நெற்றியில் அந்த நட்சத்திரம். முத்து கறுப்பாக இருந்தான் என்று படித்துத் தெரிந்திருந்தாலும், கண்ணால் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது. என் அம்மா அந்தப் படத்தை பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டிவிட்டார்.

காதைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை. பண்ணையை விட்டுப் போகும்போது அவனுக்கு அந்தப் பழக்கம் இல்லை என்றார். அதுவே பெரிய தகவல். பிறவிக் கோளாறு இல்லை, பிறகு வந்ததுதான். ட்ரெய்னரிடம் கேட்டேன், அவர் சைஸின் எண்ணைக் கொடுத்தார். சைஸ் சென்னைக்காரர், பல ஊர் லாயங்களில் வேலை பார்த்தவர். ரேஸ் பெயரைச் சொன்னதும் போனில் சத்தமே இல்லை.

"உயிரோட கீறானா தம்பி?"

"நல்லா இருக்கான் அண்ணே. என்கிட்டதான் இருக்கான்."

"வலது காத தொட வுடமாட்டானே, பாத்தியா?"

நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொல்லிவிட்டார். பந்தயம் புறப்படும் கேட்டுக்குள் முத்து போகமாட்டானாம். ஒருநாள் யாரோ காதை முறுக்கிப் பிடித்து உள்ளே தள்ளியிருக்கிறார்கள். போய்விட்டான். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அதுவே வழக்கமாகிவிட்டது. "நான் வாணாம்னு சொன்னேன் தம்பி. என் பேச்ச யாரு கேக்கறா? குதிர மறக்காது." பிறகு எப்படிக் கடிவாளம் மாட்டுவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். தலைவாரின் கொக்கியை வலப்பக்கம் கழற்றிவிட வேண்டும். காதின் மேலாக இழுக்காமல், காதுக்குப் பின்னால் கழுத்தில் வைத்து, அங்கிருந்து முன்னால் கொண்டுவந்து கொக்கி போட வேண்டும். காதைத் தொடவே தேவையில்லை. "வெல்லம் ஒரு துண்டு இடது கையில வெச்சிக்க. நாக்கு வெல்லத்துல இருக்கறப்ப இரும்ப வெச்சிடு."

மறுநாள் காலையில் அப்படியே செய்தோம். முத்து தலையைத் தூக்கினான், கொஞ்ச நேரம் யோசித்தான், இறக்கினான். இப்போது காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டால் கண்ணை மூடிக்கொள்கிறான். எத்தனையோ மருத்துவச் செலவையும் அடம்பிடிக்கிற குதிரை என்ற கெட்ட பெயரையும் அந்த ஒரு போன் துடைத்துவிட்டது.

பழையவர்களிடம் கேட்க வேண்டியதில் உடல்நிலைதான் முதலில். முன்னங்காலின் பின்புறம் ஓடும் தசைநாணில் எப்போதாவது வீக்கம் வந்ததா, எந்தக் கால், எவ்வளவு நாள் ஓய்வு? ஆறிய நாண் மறுபடி அதே இடத்தில் அறுபடும் வாய்ப்பு அதிகம், அது தெரிந்தால் தாண்டவிடுவதும் வேகமாக ஓடவிடுவதும் நாம் யோசித்துச் செய்வோம். ஓடிவிட்டு வந்தபின் மூக்கில் ரத்தம் வந்திருக்கிறதா? வயிற்று வலி வந்தால் எப்படி வரும், என்ன கொடுத்தால் கேட்டது? ரேஸ் குதிரைகளுக்கு வயிற்றுப்புண் ரொம்ப சகஜம். தானியம் அதிகம், புல் குறைவு, நாள் முழுக்க நாலு சுவருக்குள் நிற்பது எல்லாம் சேர்ந்து வருவது. டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது, கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய் இல்லை என்று காட்டும் சோதனைச் சான்று இருக்கிறதா? பெட்டைக் குதிரை என்றால் குட்டி போட்டிருக்கிறதா, பிரசவத்தில் சிக்கல் ஏதும் உண்டா? அடுத்ததாக, தனியாக நிற்குமா, ஆடு, மாடு, நாயோடு ஒத்துப்போகுமா, மரத்தைக் கடித்துக் காற்று விழுங்கும் பழக்கம் உண்டா என்பதெல்லாம். கூச்சப்படாமல் கடைசியாக இதையும் கேளுங்கள்: "இவனுக்கு என்ன பிடிக்கும்?" இந்தக் கேள்விக்குத்தான் மனிதர்கள் மனம் திறந்து பேசுகிறார்கள்.

பதில் வராமலும் போகும். முத்துவின் உரிமையாளர் எனக்குப் பதில் போடவில்லை. நான் மறுபடி எழுதவும் இல்லை. விற்ற குதிரையை நினைத்தாலே வருத்தம் வருகிறவர்கள் உண்டு. பண நெருக்கடியில் விற்றவர்கள் உண்டு. அவர்களைக் குடைவது நம் வேலை இல்லை.

ஆனால் கேட்க யாருமில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஃபெர்டினாண்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1986இல் கென்டக்கி டெர்பி வென்ற குதிரை. 1987இல் அமெரிக்காவின் அந்த ஆண்டின் சிறந்த குதிரை. 1994இல் இனப்பெருக்கத்துக்காக ஜப்பானுக்கு விற்றார்கள். அங்கே அவனுக்குப் பெரிய கிராக்கி இல்லை, கை மாறினான். 2003இல் அமெரிக்காவின் குதிரைப் பத்திரிகை ஒன்று அவன் எங்கே என்று தேடிப் போனபோதுதான், அதற்கு முந்தைய வருஷமே இறைச்சிக்குப் போய்விட்டான் என்று தெரியவந்தது. எவ்வளவு பேர் துடித்துப்போனார்கள்! முன்பே தெரிந்திருந்தால் டிக்கெட் வாங்கிக் கூட்டி வந்திருப்போம் என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள்; அவர்களிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அதன் பிறகு அங்கே பலர் தங்கள் குதிரையின் காகிதத்தில் "இவனுக்கு எப்போதாவது போக்கிடம் இல்லாமல் போனால் எங்களைக் கூப்பிடுங்கள்" என்று சீட்டு ஒட்டி அனுப்ப ஆரம்பித்தார்கள். அமெரிக்க ஜாக்கி கிளப் 2011இல் இதற்கென்றே இலவச ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தது. பழைய உரிமையாளரோ பண்ணைக்காரரோ சைஸோ, உதவத் தயாராக இருப்பவர் பெயரைப் பதிந்து வைக்கலாம். குதிரை இப்போது யார் கையில் இருக்கிறதோ அவர் கேட்டால் தொடர்பு விவரம் கிடைக்கும். நம் ஊரிலும் இப்படி ஒன்று வந்தால் எத்தனை குதிரைகள் பிழைக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். அது வரும்வரை நானே ஒரு சீட்டு எழுதி முத்துவின் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்திருக்கிறேன். என் பெயர், போன் எண், காதின் கதை, கடிவாளம் மாட்டும் முறை, வெல்லம். சைஸ் அண்ணனிடம் கேட்டுக்கொண்டு அவர் எண்ணையும் சேர்த்திருக்கிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் காகிதம் உள்ள குதிரைகளுக்கு. சந்தைக் குதிரைக்கு இந்த வழி எதுவும் உதவாது. மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகளில் சிப் போட்டுச் சங்கத்தில் பதிந்தவை உண்டு. நம் பக்கம் வருவதில் பெரும்பாலானவை அப்படி இல்லை. புஷ்கர், சாரங்கேடா, முக்த்சர் மாதிரி வடக்கத்திக் குதிரைச் சந்தைகளில் கை மாறி, லாரி மாறி, ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் வந்து நிற்கும். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை முடிந்துவிடும். வாங்குபவருக்குத் தரகரைத் தெரியும், தரகருக்கு முன்னால் இருந்தவரைத் தெரியாது. அங்கே உங்களுக்கு இருக்கும் ஒரே நூல் தரகர்தான். குதிரையை ஏற்றும்போதே அவருடைய பெயர், ஊர், எண், லாரிக்காரர் எண், எந்தச் சந்தையில் பிடித்தார் என்ற விவரம் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தரகரை விரோதித்துக்கொள்ள வேண்டாம்; அவர்கள் மனதில் பெரிய பேரேடே இருக்கிறது. எந்தக் குதிரையை யாரிடம் வாங்கினோம் என்று பத்து வருஷம் கழித்தும் சுழியை வைத்துச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பக்கத்துத் தோட்டத்துத் தங்கச்சி போன ஆடியில் ஒரு மார்வாரிப் பெட்டை வாங்கினாள். காதின் நுனிகள் இரண்டும் வளைந்து தொட்டுக்கொள்ளும், அவ்வளவு அழகு. நாலு காலும் வெள்ளை, முகத்தில் வெள்ளைக் கோடு; பஞ்சகல்யாணி என்று சொல்லி விலையை ஏற்றித்தான் விற்றார்கள். ஆறு வயது என்றார்கள், பல்லைப் பார்த்த டாக்டர் பத்துக்கு மேல் என்கிறார். மடியைப் பார்த்தால் குட்டி போட்டவள் மாதிரி இருக்கிறது. தரகரின் எண் இப்போது வேலை செய்யவில்லை. அவளை நிற்கவைத்து, பாஸ்போர்ட்டில் வரைவது போலவே படம் வரைந்து, வெள்ளையைச் சிவப்பிலும் சுழியைக் கறுப்பிலும் குறித்து வைத்திருக்கிறோம். கழுத்தில் சிப் இருக்கிறதா என்று ஸ்கேனர் வைத்துப் பார்த்தோம், இல்லை. வருகிற ஆடியில் அந்தப் படத்தோடு அந்தியூர் போகிறோம். அந்தத் தரகர் வழக்கமாகக் கட்டும் வரிசையிலேயே அவருடைய ஊர்க்காரர்கள் இன்னும் சிலர் கட்டுவார்களாம். அவர்களிடமிருந்து விசாரிக்க ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறோம்.